பேராலயத்திலிருந்து மேற்கே நடங்கள்
கொஷிட்சே நகருக்குப் படிக்கவும் வேலை பார்க்கவும் வரும் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஸ்லோவாக்கியாவின் கிழக்கே, ஹங்கேரி எல்லைக்குப் பக்கத்தில், ஹொர்நாட் ஆற்றங்கரையில் இருக்கிறது கொஷிட்சே. பிராட்டிஸ்லாவாவுக்கு அடுத்து அந்த நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். நம்மூர்ச் செய்திகளில் இதன் பெயர் அடிபட்டது 2022 மார்ச் மாதத்தில்தான். உக்ரைனில் போர் மூண்டபோது உஷ்ஹொரோத் வழியாக எல்லை கடந்து வந்த இந்திய மாணவர்களை இந்த நகரத்து விமான நிலையத்திலிருந்து தாய்நாட்டுக்கு அழைத்து வந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். அவர்களுக்குக் கொஷிட்சே உயிர் தப்பிய வழி. ஊரைப் பார்க்க அவர்களுக்கு நேரமும் இல்லை, மனமும் இருந்திருக்காது. உங்கள் நிலைமை வேறு. மருத்துவமோ கால்நடை மருத்துவமோ பொறியியலோ படிக்க, மென்பொருள் அலுவலகத்தில் பணியாற்ற, தெற்கே வலாலிகியில் எழும் வால்வோ கார்த் தொழிற்சாலை போன்ற இடங்களில் வேலை தேட என்று ஆண்டுக்கணக்கில் தங்கப்போகிறவர்கள் நீங்கள். தங்கப்போகிறவர்களுக்கு ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதும், ஒரு நாள் வந்து போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்றல்ல. நான் சொல்லவருவது இதுதான்: வந்த முதல் மாதத்திலேயே கொஷிட்சேயைக் கால்நடையாகப் பாருங்கள், ஊர் நடுவில் சுற்றிச் சுற்றி வராமல், நடுவிலிருந்து வெளியே, நீங்கள் குடியிருக்கப்போகும் பக்கமாக நடங்கள்.

வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை இதற்கு நேர்மாறானது. எந்தக் கையேட்டைத் திறந்தாலும் ஹ்லவ்னா என்னும் பெரிய தெருவுக்குப் போகச் சொல்லும். போகத்தான் வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளத்தில், இரு முனைகளில் ஒடுங்கி நடுவில் அகன்று விரியும் அந்தத் தெருவின் வயிற்றுப் பகுதியில் புனித எலிசபெத் பேராலயம் நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டத் தொடங்கி 1508 வாக்கில் முடித்த கோதிக் கட்டடம். ஸ்லோவாக்கியாவிலேயே மிகப் பெரிய தேவாலயம். அதன் நிலவறையில், ஹப்ஸ்பர்க் பேரரசை எதிர்த்துப் போரிட்டுத் துருக்கியில் நாடுகடந்து வாழ்ந்து மறைந்த இரண்டாம் ஃபெரென்ஸ் ராகோட்சியின் எலும்புகளை 1906இல் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். வடக்கே 1899இல் கட்டிய நாடக அரங்கு, கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றியாக எழுப்பிய மரியன்னை தூண், தெருவின் முடிவில் கிழக்கு ஸ்லோவாக்கிய அருங்காட்சியகம். 1935இல் இதே தெருவில் ஒரு கட்டடத்தைச் சீரமைக்கத் தோண்டிய தொழிலாளர்கள் கண்டெடுத்த 2,920 பொற்காசுகள் அங்கே இருக்கின்றன. ஐரோப்பாவின் எத்தனையோ நாணயச்சாலைகளில் அடித்த காசுகள் அவை. இந்த ஊர் எவ்வளவு பெரிய வணிகப் பாதையில் இருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. 1369இல் அரசர் முதலாம் லாயோஷிடமிருந்து பட்டயத்தின் மூலம் சொந்தச் சின்னம் பெற்ற நகரம் இது. ஐரோப்பாவில் அப்படிப் பெற்ற முதல் நகரம் என்ற பெருமை இதற்கு உண்டு. இவற்றை எல்லாம் ஒரு பகலில் பார்த்துவிடலாம். பார்த்துவிட்டு, ஊரைத் தெரிந்துகொண்டோம் என்று நினைத்துவிடுகிறோம். அங்கேதான் சிக்கல்.

ஏனென்றால், ஹ்லவ்னாவில் உலவுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஹ்லவ்னாவில் வாழ்கிறவர்கள் அல்லர். 1950இல் கொஷிட்சேயின் மக்கள்தொகை ஏறத்தாழ 60,000. 1991இல் அது 2,35,000. நாற்பது ஆண்டுகளில் நான்கு மடங்கு. பிறப்பினால் மட்டும் எந்த ஊரும் இப்படிப் பெருகாது. 1950களின் தொடக்கத்தில் ஒருமுறை முயன்று கைவிட்ட உருக்காலைத் திட்டத்தை, 1960இல் ஊருக்குத் தென்மேற்கே ஷாட்சா அருகில் மீண்டும் கையிலெடுத்தார்கள். கிழக்கு ஸ்லோவாக்கிய இரும்பாலை என்று பெயர் பெற்ற அந்த ஆலையைக் கட்டவும் பிறகு அதில் வேலை செய்யவும் கிழக்கு மாவட்டங்களின் மலைக் கிராமங்களிலிருந்து ஆயிரமாயிரம் குடும்பங்கள் வந்தன. உருளைக்கிழங்கும் ஆடுமாடுமாக இருந்த வீட்டிலிருந்து புறப்பட்டு வந்து உலையின் முன் நின்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று உங்கள் வகுப்புத் தோழர்கள், வீட்டு உரிமையாளர்கள், உங்களுக்கு ரொட்டி விற்கும் கடைக்காரர்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து ஆலை அமெரிக்க நிறுவனமான யு.எஸ். ஸ்டீலின் கையில் இருக்கிறது. ஊரின் பிழைப்பு அதை நம்பியே இருப்பது பெரிதாக மாறவில்லை. பேராலயம் இந்த ஊருக்கு அழகு தந்தது. ஆனால் இன்றிருக்கும் ஊரை உண்டாக்கியது இரும்பு. ஹ்லவ்னாவில் எத்தனை முறை போய்வந்தாலும் இரும்பைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியவராது.

என் வாதத்தின் மையம் இங்கே இருக்கிறது. கொஷிட்சே, வெளியிலிருந்து வந்தவர்கள் கட்டிய ஊர். இரும்பாலைக் காலத்தில் மட்டும் அல்ல, தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். 13ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் குடியேறிகள் வந்தார்கள். ஹங்கேரியர்களும் ஸ்லோவாக்குகளும் யூதர்களும் ரோமா மக்களும் வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்தார்கள். அசையாமல் ஒரே வீட்டில் இருந்தவர்களைக்கூட வரலாறு புதியவர்கள் ஆக்கிக்கொண்டே இருந்தது. 1910இல் இங்கே பிறந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். பிறந்தது ஹங்கேரி முடியரசில். எட்டு வயதில் அது செக்கோஸ்லோவாக்கியா. 1938 நவம்பரில் வியன்னாத் தீர்ப்பின்படி மறுபடி ஹங்கேரி. 1945இல் மறுபடி செக்கோஸ்லோவாக்கியா. எண்பத்து மூன்று வயதுவரை இருந்திருந்தால் ஸ்லோவாக்கியக் குடியரசின் குடிமகனாகச் செத்திருப்பார். வாசற்படி மாறவில்லை, நாடு நான்கு முறை மாறியது. ஹங்கேரிய மொழியின் பெரும் நாவலாசிரியர்களில் ஒருவரான ஷாந்தோர் மாராய் 1900இல் பிறந்தது இந்த ஊரில்தான். அவர் குடும்பம் வாழ்ந்த மேசியார்ஸ்கா தெருவின் அருகே அவருக்கு ஒரு சிலை உண்டு: நாற்காலியில் அமர்ந்திருக்கிறார், எதிரே ஒரு வெறும் நாற்காலி. பிறந்த ஊரை விட்டு, பின்பு ஹங்கேரியையும் விட்டு, 1989இல் அமெரிக்காவில் இறந்தவர் அவர். இப்படிப்பட்ட ஊரில் புதிதாக வந்து நிற்பது கூச்சப்பட வேண்டிய காரியம் அல்ல. நீங்கள் அந்த நீண்ட வரிசையில் சேர்கிறீர்கள். ஆனால் இதை உங்களுக்குச் சொற்களால் நம்பவைப்பது கடினம்; தெருக்களே சொல்லும், நடந்தால்.

நடந்தால் மட்டும்தானா என்றால், கொஷிட்சேயைப் பொறுத்தவரை ஆமாம் என்பேன். காரணம் இந்த ஊர் வளர்ந்த விதம். மரத்தின் வயது வளையங்களைப் போல ஒவ்வொரு காலமும் முந்தைய காலத்தைச் சுற்றிப் படிந்திருக்கிறது. நடுவில் மதிலுக்குள் இருந்த இடைக்கால ஊர். மதிலையும் அகழியையும் நீக்கிய இடத்தில் 19ஆம் நூற்றாண்டின் அகன்ற சாலைகள். அதற்கப்பால் இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்து வீடுகள். அதற்கும் அப்பால், மேட்டு நிலத்தில், 1960கள் முதல் 1980கள்வரை எழுந்த கான்கிரீட் பலகை அடுக்குமாடிகள். நடுவிலிருந்து வெளியே நடப்பது ஊரின் காலத்தில் முன்னோக்கி நடப்பதாகும். ட்ராமில் ஏறினால் பத்து நிமிடத்தில் முதல் வளையத்திலிருந்து கடைசி வளையத்துக்குப் போய் இறங்கிவிடுவீர்கள். இடையில் இருந்தவை சன்னலுக்கு வெளியே ஓடிப்போயிருக்கும். அழகான ஊர் ஒன்று, அவலட்சணமான ஊர் ஒன்று என்று இரண்டு ஊர்கள் இருப்பதாக மனத்தில் பதிந்துவிடும். அந்தத் தவறான பதிவோடு ஆறு ஆண்டு இருந்துவிட்டுத் திரும்புவது வருந்தத்தக்கது.

எனவே பேராலயத்திலிருந்து மேற்கே நடங்கள். சில நிமிடங்களில் டொமினிகன் சதுக்கம் வரும். ஊரின் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்றின் நிழலில் காய்கறிச் சந்தை நடக்கும் இடம். பாலாடைக்கட்டியும் முட்டைக்கோசும் காளானும் கிராமத்திலிருந்து கொண்டுவந்து விற்பார்கள். சமைத்துச் சாப்பிடப்போகிற உங்களுக்கு ஹ்லவ்னாவின் எந்தக் கடையைவிடவும் பயன்படக்கூடிய இடம். அதைத் தாண்டினால் மொய்ஸெசோவா தெரு, பழைய மேற்கு மதிலும் அகழியும் இருந்த வரிசை. அங்கே குவிமாடத்துடன் ஒரு பெரிய கட்டடம் நிற்கும். இன்று அரசு பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் அரங்கு. 1927இல் கட்டியபோது அது சீர்திருத்தப் பிரிவு யூதர்களின் தொழுகைக்கூடம். கிழக்கே புஷ்கின் தெருவில் அதே காலத்து இன்னொரு தொழுகைக்கூடம் இருக்கிறது. அதன் சுவரில், 1944இல் இங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களுக்கான நினைவுப்பலகை பதித்திருக்கிறது. அவர்களை ஊர் எல்லைச் செங்கற்சூளைகளில் அடைத்துவைத்து, அங்கிருந்து ஆஷ்விட்சுக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு மே முதல் ஜூலைவரை ஹங்கேரியின் பல பகுதிகளிலிருந்தும் அந்த முகாமுக்குப் போன ரயில்களில் மிகப் பெரும்பாலானவை கொஷிட்சே நிலையம் வழியாகவே போயின. ஹங்கேரியக் காவலர்கள் அவற்றை ஜெர்மானியரிடம் ஒப்படைத்த இடமும் இதுதான். நீங்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கும் நிலையம். இன்றைய கட்டடம் பிற்காலத்தது, அதைப் பார்த்து எதுவும் தெரியாது. ஹ்லவ்னாவிலிருந்து சில நிமிட நடைத் தொலைவில் இவ்வளவும் இருக்கிறது. தெரியாமலே கடந்துபோவது ஒரு குற்றமல்ல. ஆனால் ஆண்டுக்கணக்கில் வாழப்போகிற ஊரில் இதைத் தெரியாமலே இருப்பது மரியாதை ஆகாது.

அதற்கும் மேற்கே நிலம் மெல்ல உயரத் தொடங்கும். அரைமணி நேர நடையில் நீங்கள் தெராஸாவின் வாசலில் இருப்பீர்கள். 1962இல் கட்டத் தொடங்கிய பெரும் குடியிருப்பு. சோவியத் நாடு நிலவை நோக்கி அனுப்பிய விண்கலங்களின் நினைவாக அதன் பகுதிகளுக்கு லுனீக் ஒன்று, லுனீக் இரண்டு என்று வரிசையாகப் பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் சொந்தப் பள்ளி, மழலையர் பள்ளி, கடைகள். குழந்தை பெரிய சாலையைக் கடக்காமலே பள்ளிக்குப் போய்வர வேண்டும் என்ற எண்ணத்தில் வகுத்த திட்டம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோல் ஒன்று நிற்கும் பெட்டிகள். உள்ளே நடப்பவருக்கு, அறுபது ஆண்டுகளில் மரங்கள் நான்கு மாடி உயரத்தைத் தொட்டிருப்பதும், தரைத்தள வீட்டுக்காரர்கள் சன்னலுக்குக் கீழே பூச்செடி வளர்ப்பதும், கட்டடங்களுக்கு இடையே இருக்கும் வெளி நம்மூர் அடுக்குமாடிகளில் கற்பனையும் செய்ய முடியாத அளவு அகலமாக இருப்பதும் தெரியும். பகுதி முழுவதற்கும் வெந்நீரும் வெப்பமும் பகிர்ந்து தந்த சிறு நிலையக் கட்டடங்கள் சில, வேலை முடிந்து சும்மா கிடந்தன. 2013இல் கொஷிட்சே ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்தபோது அவற்றைப் பண்பாட்டு மையங்களாக மாற்றினார்கள். ஊர் நடுவில் பழைய நீச்சல்குளக் கட்டடத்தைக் கலைக்கூடமாகவும், பழைய படைவீட்டைப் பண்பாட்டுப் பூங்காவாகவும் ஆக்கியதை எல்லாரும் பாராட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், குடியிருப்புகளுக்குள் இருக்கும் இந்தச் சிறிய வெந்நீர் நிலையங்களை மாற்றியதுதான் அந்த ஆண்டின் மிகச் சிறந்த செயல். பட்டறை, இசை, குழந்தைகள் நிகழ்ச்சி என்று நடக்கும் அந்த மையங்கள் புதிதாக வந்தவர் உள்ளே நுழைவதற்கு மிக எளிதான கதவுகள்.

மருத்துவம் படிக்கவரும் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். பாவோல் யோசெப் ஷஃபாரிக் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு இருப்பது ஹ்லவ்னாவில் அல்ல, தெராஸாவுக்குப் போகும் எஸ்.என்.பி. பெருஞ்சாலையில். பாஸ்டர் பெயர் தாங்கிய பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒரு பெரும்பகுதியும் அங்கேதான். மூன்றாம் ஆண்டு முதல் படுக்கையருகே நின்று நோயாளியிடம் கேள்வி கேட்கப்போகிறீர்கள். முப்பது ஆண்டு உருக்காலையில் உழைத்த முதியவர், லிப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடியில் தனியாக வாழும் பாட்டி, இவர்கள்தான் அந்தப் படுக்கைகளில் இருப்பார்கள். முழங்கால் அறுவைக்குப் பிறகு வீட்டுக்குப் போகும் ஒருவர் எத்தனை படி ஏற வேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் வராது. அந்தப் படிகளை வெளியிலிருந்தாவது பார்த்த மாணவர் கேட்கும் கேள்வி வேறு மாதிரி இருக்கும்.

நடையைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க முடியாத ஒரு பெயர் லுனீக் ஒன்பது. தெராஸாவின் அதே வரிசைப் பெயர்தான், ஆனால் இடம் தள்ளி இருக்கிறது, வாழ்க்கையும் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் பலதரப்பட்டவர்களும் கலந்து வாழ்வதற்கென்று எழுப்பிய குடியிருப்பு. பழைய நகர்நடுவின் வீடுகளிலிருந்து ரோமா குடும்பங்களை அங்கே மாற்றினார்கள். மற்றவர்கள் படிப்படியாக வெளியேறினார்கள். நெரிசலும் வறுமையும் தங்கிவிட்டன. 2021 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் அங்கே போய் மக்களைச் சந்தித்தார். நீங்கள் அங்கே கேமராவோடு போகாதீர்கள். யாருடைய வறுமையும் நமக்குக் காட்சிப்பொருள் அல்ல. அங்கே பணியாற்றும் சலேசிய சபையாரோ வேறு அமைப்பினரோ ஒரு வேலைக்காக அழைத்தால் போங்கள். அதற்கு முன், ஊர் நடுவிலேயே 1992இல் தொடங்கிய ரோமாதான் என்ற ரோமா நாடக அரங்கு இருக்கிறது. அங்கே டிக்கெட் வாங்கி ஒரு நாடகம் பாருங்கள். ரோமா மக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள், அவர்கள் மொழி இந்திய ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர்கள் ஏற்ற செய்தி. கருத்த தோலுடைய உங்களை ஒரு கடையிலோ பேருந்திலோ ரோமா என்று எண்ணி முகம் சுளிப்பவர் இருக்கக்கூடும். அந்த நொடியில் நான் அவர்களில் ஒருவன் அல்ல, இந்தியன் என்று சொல்லித் தப்பிப்பது எளிது. தப்பிக்கலாம், ஆனால் அப்படிச் சொல்வதன் மூலம், அவர்களை அப்படி நடத்துவது சரிதான் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறோம். சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே குடிவைக்கும் வழக்கத்தை அறிந்த நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதை வைத்தே முதல் மறுப்பு எழும்: இப்படி முகம் சுளிப்பவர்கள் இருக்கும் ஊரில் நடக்கச் சொல்வது பொறுப்பான யோசனையா? நியாயமான கேள்வி, லேசாகத் தள்ள மாட்டேன். பெற்றோர் கேட்பதும் இதைத்தான். என் பதில்: பகலில் நடங்கள், முதல் சில முறை மூன்று நான்கு பேராகச் சேர்ந்து நடங்கள், குடியிருப்பு அட்டையைக் கையில் வைத்திருங்கள், 112 என்ற அவசர எண்ணையும் 158 என்ற காவல்துறை எண்ணையும் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். இரவு நேரத்தில் வெளிச்சமற்ற சுரங்கப்பாதைகளைத் தவிருங்கள். பெண்பிள்ளைகள் தோழியின் துணையோடு போவது நல்லது. இவை எந்த நாட்டு நகரத்துக்கும் பொருந்தும் எச்சரிக்கைகள். ஆனால் நடக்காமல் இருப்பது பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. எந்தத் தெரு எங்கே போகும், எந்த நிறுத்தத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும், எந்தக் கடை இரவு பத்துவரை திறந்திருக்கும் என்று பகலில் கால் அறிந்து வைத்தவர்தான் ஒரு நாள் கடைசி ட்ராமைத் தவறவிட்டால் பதறாமல் வீடு சேர்வார். அதோடு, தினமும் ஒரே வழியில் நடந்துபோகிறவரை அந்தத் தெரு அடையாளம் கண்டுகொள்ளும். கடைக்குள் நுழையும்போதும் லிப்டில் ஏறும்போதும் தோப்ரீ தென் என்று வணக்கம் சொல்வது அங்கே சிறுபிள்ளையும் கடைப்பிடிக்கும் வழக்கம். அதைச் சொல்லும் அந்நியரை யாரும் நீண்ட நாள் அந்நியராக வைத்திருப்பதில்லை.

குளிரைச் சொல்வார்கள். உண்மைதான். சனவரியில் சராசரி வெப்பநிலையே உறைநிலைக்குக் கீழ். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். நடைபாதையில் உறைந்த பனி காலை வாரிவிடும். முதல் மாதம் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. செப்டம்பரும் அக்டோபரும் அங்கே நடப்பதற்கென்றே அமைந்த மாதங்கள். அக்டோபரின் முதல் ஞாயிறன்று ஊரே சாலையில் இறங்கும். 1924இல் தொடங்கிய கொஷிட்சே அமைதி மாரத்தான் அன்றுதான் நடக்கும். ஐரோப்பாவில் மிகப் பழையது அது. எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1961இல் இங்கே ஓடி வென்றார். கார்கள் இல்லாத பெருஞ்சாலைகளில் ஊர்மக்களோடு நின்று கைதட்ட வருடத்தில் ஒரு நாள் கிடைக்கிறது. இந்த இரண்டு மாதத்தையும் அறைக்குள்ளேயே கழித்துவிட்டு, நவம்பரில் வெளியே வந்து ஊர் இருண்டு கிடக்கிறது என்று குறைசொல்லிப் பயனில்லை.

நேரம் இல்லை என்பது அடுத்த மறுப்பு. உடற்கூறியல் புத்தகத்தின் கனம் எனக்கும் தெரியும். ஆலையில் ஷிப்டு முறையில் வேலை செய்பவரின் அசதி அதைவிடப் பெரிது. நான் கேட்பது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம், அதுவும் முதல் மாதத்துக்கு மட்டும். ட்ராமையும் பேருந்தையும் விட்டுவிடச் சொல்லவில்லை. போகும்போது நடந்து போங்கள், திரும்பும்போது ட்ராமில் வாருங்கள். நடந்த வழி சன்னலில் திரும்ப ஓடும்போது மனத்தில் நிலைத்துவிடும். கைபேசியில் வரைபடம் இருக்கிறதே என்பவர்களுக்கு: அது வழியைக் காட்டும். மொய்ஸெசோவா தெருவில் ஏன் திடீரென்று சாலை அகலமாகிறது என்று அது சொல்லாது. அந்தக் கேள்வி தோன்றவே அங்கே நின்றாக வேண்டும்.

இன்னொரு மறுப்பு சற்று ஆழமானது. கான்கிரீட் குடியிருப்புகள் கிழக்கு ஐரோப்பா முழுக்க ஒன்றேபோல் இருக்கின்றன, அவற்றில் பார்க்க என்ன இருக்கிறது, பழைய நகரம்தானே ஊரின் தனித்தன்மை என்பார்கள். பலகைகள் ஒன்றே, ஒப்புக்கொள்கிறேன்; தொழிற்சாலையில் வார்த்தவை. அவை எழுந்த காரணமும் நிற்கும் இடமும் ஒன்றல்ல. கிழக்கே ஆற்றைத் தாண்டிய குன்றில் இருக்கும் ஃபுர்ச்சா குடியிருப்பின் அதிகாரப்பூர்வப் பெயர், 1944-45 குளிர்காலத்தில் தார்கோவ் கணவாய்ப் போரில் மடிந்த சோவியத் வீரர்களைக் குறிக்கிறது. மேற்கே உள்ள கே.வி.பி. குடியிருப்பு, 1945 ஏப்ரல் 5 அன்று இந்த ஊரில் அறிவித்த அரசுத் திட்டத்தின் பெயரைச் சுமக்கிறது. போருக்குப் பிந்தைய செக்கோஸ்லோவாக்கியாவின் போக்கைத் தீர்மானித்த அந்தத் திட்டம்தான், அங்கே வாழ்ந்த ஜெர்மானியரையும் ஹங்கேரியரையும் கூட்டாகக் குற்றவாளிகளாக நடத்துவதற்கும் வழிவகுத்தது. அதனால் வீட்டையும் குடியுரிமையையும் இழந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். ஊரின் பெருமிதமும் காயமும் அடுக்குமாடிகளின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கின்றன. பழைய நகரத்தைவிட இவை குறைந்தவை என்று நான் நினைக்கவில்லை. கான்கிரீட் சலித்துப்போனால் வடக்கே செர்மெல் பள்ளத்தாக்குக்குப் போங்கள். 1955 முதல் சிறுவர் ரயில் ஓடும் காட்டுவழி. மரங்களில் வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் கோடு தீட்டிய நடைப்பாதைகள் அங்கிருந்து கிளம்புகின்றன. கைகாட்டிகளில் எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட எத்தனை நேரம் நடக்க வேண்டும் என்பதையே முதன்மையாகக் குறித்திருப்பார்கள். நடப்பதை இந்த நாடு எவ்வளவு இயல்பான காரியமாகக் கருதுகிறது என்பதற்கு அந்தப் பலகைகளே போதும்.

கடைசியாக, படிப்பு முடிந்தால் கிளம்பப்போகிறோம், ஒப்பந்தம் முடிந்தால் வேறு நாடு, இந்த ஊரை இவ்வளவு தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நினைப்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். மருத்துவப் படிப்பு ஆறு ஆண்டு. பதினெட்டு வயதில் வருகிறவருக்கு அது அதுவரை வாழ்ந்த வாழ்வில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு காலத்தைக் காத்திருப்பு அறையில் இருப்பதாக நினைத்துக் கழிக்க வேண்டியதில்லை. விடுதி, வகுப்பறை, இந்திய மளிகைப் பொருள் கிடைக்கும் கடை, வார இறுதியில் வணிக வளாகம் என்ற நான்கு புள்ளிகளுக்குள் வாழ்ந்துவிட்டு, அந்த நாட்டுக்காரர்கள் நம்மோடு ஒட்டுவதில்லை என்று குறைப்படுவதில் நியாயமும் இல்லை. ஒட்டுவதற்கு முதலில் அவர்கள் இருக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டும்.

ஏற்கெனவே அங்கே இருக்கும் மூத்த மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாக வரும் தம்பி தங்கைகளை வரவேற்று, சிம் கார்டு வாங்கிக் கொடுத்து, வங்கிக் கணக்கு திறக்க உதவுகிறீர்கள். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் வந்த முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லாரையும் பேராலயத்தின் முன் கூட்டுங்கள். டொமினிகன் சதுக்கம், மொய்ஸெசோவா, எஸ்.என்.பி. பெருஞ்சாலை, தெராஸா என்று மேற்கே அழைத்துப் போங்கள். இரண்டு மணி நேரம் போதும். திரும்புவதற்கு ட்ராம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் நலம் நாடும் ஒருவர்